‘ஊலாங்’ என்றால் சாவோலை அல்ல!



போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாகான் செராய் வட்டாரத்தில் ஒரு தோட்டம். கோவில் மண்டபத்தில் சங்கக் கூட்டம் முடிந்தது. ஆண்கள் தேநீர்க் கோப்பையோடு வெளியே போனார்கள். நான் பதிவுப் புத்தகத்தை மூடி வைத்த நேரம், ஓர் அக்கா தூணோரமாக நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஐம்பதை நெருங்கும் வயது. முப்பது வருடம் வெளிக்காட்டில் உழைத்த கை.

“தங்கச்சி, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லு. யாருக்கும் தெரிய வேணாம்.”

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலாக மடித்து, மடிப்பிலே கிழிந்து போயிருந்தது. மலாயில் நாலு வரி. பேப் ஸ்மியர் சோதனையின் முடிவு “திடாக் நோர்மல்”, அதாவது சரியில்லை. ஆறு மாதத்தில் “ஊலாங்”, அதாவது திரும்பவும் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

கடிதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதமும் அவர் அதை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். “சரியில்ல” என்ற ஒரு சொல்லை மட்டும் மகனின் பள்ளி அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டு, தனக்குப் புற்றுநோய் என்று தானே முடிவு கட்டிவிட்டார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம். மகளின் கல்யாணத்தைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று கணவரோடு சண்டையாம். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

நாங்கள் பேசுவதைப் பார்த்து இன்னொரு பெண் வந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். “அட, இதுவா? எனக்கும்தான் வந்துச்சு. ஒரு வருசமாச்சு. வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க போட்டேன்னே தெரியல” என்று சிரித்தார்.

ஒரே மாதிரிக் கடிதம். ஒருவர் அதைச் சாவோலை என்று நினைத்தார். மற்றவர் அதைக் குப்பைக் காகிதம் என்று நினைத்தார். இரண்டு பேருமே தவறாகப் படித்தார்கள். அந்தக் கடிதத்தை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இது பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

எதைத் தேடுகிறார்கள்?

கருப்பைக்கு ஒரு வாய் உண்டு. அந்த வாயின் மேல்தோலிலிருந்து மிசி ஒரு சின்னத் தூரிகையால் கொஞ்சம் உயிரணுக்களைத் தடவி எடுக்கிறார். ஆய்வுக்கூடத்தில் அதற்குச் சாயமேற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கிறார்கள். இந்த முறையைக் கண்டவர் கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த பாப்பனிகொலாவு என்ற மருத்துவர். அவர் பெயரின் முதல் எழுத்துகளைத்தான் “பேப்” என்று நாம் சொல்கிறோம்.

ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள். இது புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் சோதனை மட்டுமல்ல. புற்றுநோய் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, தோலில் ஏற்படும் மாற்றத்தைப் பார்க்கும் சோதனை. சாதாரணமாக அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றப் பத்து, பதினைந்து வருடங்கள், அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே “சரியில்லை” என்ற கடிதம் பெரும்பாலும் சொல்வது இதைத்தான்: “ஏதோ மாற்றம் தெரிகிறது, இன்னொரு தடவை பார்த்துவிடுவோம்.”

பால் வெட்டிய நம் தாய்மார்களுக்கு இது புரியாத விஷயமல்ல. நேற்று வரை நன்றாகப் பால் கொடுத்த மரம் இன்றைக்குக் கோப்பையில் கால்வாசிதான் கொடுக்கிறது. உடனே அந்த மரம் செத்துப் போச்சு என்று வெட்டிச் சாய்த்தோமா? மழையா, இலையுதிர் காலமா, பட்டை காய ஆரம்பித்துவிட்டதா என்று பார்த்தோம். கொஞ்ச நாள் வெட்டாமல் விட்டுத் திரும்பப் பார்த்தோம். அதே சமயம், “போகட்டும்” என்று கண்ணை மூடிக்கொண்டும் வெட்டவில்லை. மரத்துக்குக் காட்டிய அந்தப் பொறுமையும் கவனமும் நம் உடம்புக்கு வேண்டாமா?

படித்தவர்களே தடுமாறும் இடம்

“ஆஸ்பத்திரியில பெரிய படிப்புப் படிச்சவங்கதானே பாக்குறாங்க? இருக்கு, இல்லன்னு ஒண்ணு சொல்ல வேண்டியதுதானே?” என்று அந்த அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

சொல்ல முடிந்தால் சொல்லிவிடுவார்கள். நன்றாக இருக்கும் உயிரணுவையும் பார்த்தவுடன் தெரியும். கெட்டுப்போன உயிரணுவையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கோணலாக. புண்ணாலும் அப்படி இருக்கலாம். மாதவிலக்கு நிற்கும் வயதில் தோல் வறண்டு போவதாலும் இருக்கலாம். கிருமியாலும் இருக்கலாம். நிஜமாகவே கெட ஆரம்பித்ததாலும் இருக்கலாம்.

அந்தக் காலத்தில் முடிவுகளை ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புப் பிரித்து எழுதினார்கள். இரண்டாம் வகுப்பு என்று வந்தால், ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருள், அடுத்த ஆய்வுக்கூடத்தில் வேறு பொருள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1988-இல் அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் நிபுணர்கள் கூடி, எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த ஒரு முறை வகுத்தார்கள். “இன்னதென்று அறுதியிட முடியாத மாற்றம்” என்று ஒரு தனிப் பிரிவையே அதில் வைத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கும் ஒரு கட்டம் வேண்டும் அல்லவா?

அப்படியும் தடுமாற்றம் தீரவில்லை. 2001-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், “அறுதியிட முடியாது” என்று முடிவு எழுதப்பட்ட 1,473 சோதனைகளைத் தேர்ந்த நிபுணர்களிடம் மறுபடி கொடுத்தார்கள். நூற்றுக்கு 43-இல் மட்டுமே அவர்களும் அதே முடிவைச் சொன்னார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவற்றை “இது அவ்வளவு மோசமில்லை” என்று இறக்கி எழுதினார்கள்.

இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? இந்த முடிவு வந்ததாலேயே ஒருத்திக்கு நோய் என்று ஆகிவிடாது. கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாத இடம் இது. ஆகையால் இரண்டாவது சாட்சி வேண்டும்.

இரண்டாவது சாட்சி

அந்தச் சாட்சி இன்று இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற கிருமி. ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசன் 1980-களில் இதைக் காட்டினார். 2008-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இந்தக் கிருமியில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள். அவற்றில் 16, 18 என்று எண் கொடுத்திருக்கும் இரண்டு வகைகள்தான் இந்தப் புற்றுநோயில் நூற்றுக்கு 70-க்குக் காரணம்.

முடிவு குழப்பமாக வந்தால், இந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். குழப்பமான முடிவு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிருமி இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. கிருமி இல்லையென்றால், முற்றிய மாற்றம் மறைந்திருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. கிருமி இருந்தால், அப்போதும் அது புற்றுநோய் அல்ல. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நேராகப் பார்த்துவிட வேண்டும்.

கிருமிச் சோதனை இல்லாத இடத்தில் ஆறு மாதம் கழித்து அதே பேப் ஸ்மியரைத் திரும்பச் செய்வார்கள். அதுதான் “ஊலாங்”. ஏன் நாளைக்கே செய்வதில்லை? அந்த ஆறு மாதத்தில் பலருக்கு உடம்பே மாற்றத்தைச் சரிசெய்துவிடும். சரியாகாதவர் யார் என்பதும் அப்போது தெரியும். டாக்டர் அலட்சியமாகச் சொன்ன தவணை அல்ல அது.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துப் பேச வேண்டும். இந்தக் கிருமி ஆண் பெண் உறவால் பரவுவது. இதைக் கேட்டவுடன் சில வீடுகளில் சட்டி பானை பறக்கிறது. “நீ எங்க போயிட்டு வந்த?” என்று கணவன் கேட்கிறான்; மனைவியும் கேட்கிறாள். தோழர்களே, நிதானம்! கல்யாணம் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்தக் கிருமி வந்து போயிருக்கும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். சிலருக்குப் பல வருடம் ஒளிந்திருந்து வெளிப்படும். இருபது வருடம் ஒருவனோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் இன்றைக்கு “இருக்கிறது” என்று வரலாம். அது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் அல்ல. அந்தக் காகிதத்தை வைத்து மனைவியைக் கேள்வி கேட்பவன், நோயை விட்டுவிட்டு நோயாளியை அடிப்பவன்.

அம்பிளிக்கைப் பெண்கள்

நம் பாட்டன் பூட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள்? திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை என்றுதான் பலரும் சொல்லுவோம். அந்த மதுரைக்குப் பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டம். அங்கே அம்பிளிக்கை என்ற கிராமத்தில் ஒரு கிறிஸ்துவ மருத்துவ நிலையம். அந்த நிலையத்தாரும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தாரும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டிலிருந்து அந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெரிய வேலையைச் செய்தார்கள். டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில் எழுதப்பட்ட அதன் முடிவு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

முதல் சோதனைக்கு அங்கே உருப்பெருக்கிக் கண்ணாடியும் தேவைப்படவில்லை, ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற மிசிகள் கருப்பை வாயில் காடித் தண்ணீரைத் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். சந்தேகப்பட்டவர்களை அடுத்த கட்டப் பரிசோதனைக்கு எடுத்தார்கள்.

கணக்கைக் கவனியுங்கள். 30 முதல் 59 வயது வரை, தகுதியுள்ள பெண்கள் 49,311 பேர். சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். அவர்களில் 3,088 பேருக்குச் “சந்தேகம்” என்று வந்தது. கிட்டத்தட்டப் பத்துக்கு ஒருவர். அந்த மூவாயிரம் பேருக்கும் புற்றுநோயா? இல்லவே இல்லை. நோய்க்கு முந்திய மாற்றம் உள்ளவர்கள் என்று கண்டறியப்பட்டவர்கள் மொத்தம் 1,874 பேர். அதிலும் பெரும்பாலானவை லேசான மாற்றங்கள். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள்.

ஏழு வருடத்தில் பலன் என்ன தெரியுமா? சோதனை நடக்காத கிராமங்களோடு ஒப்பிட்டால், நடந்த கிராமங்களில் இந்தப் புற்றுநோய் வந்தவர்கள் நூற்றுக்கு 25 குறைவு. இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 35 குறைவு. காடித் தண்ணீர், ஒரு விளக்கு, பயிற்சி பெற்ற ஒரு மிசி. அதோடு இன்னொன்றும் வேண்டியிருந்தது: “சந்தேகம்” என்று கேட்ட பெண் ஓடி ஒளியாமல் அடுத்த படிக்கு வந்தது. உயிரைக் காத்தது முதல் சோதனை மட்டுமல்ல, அடுத்த கட்டப் பரிசோதனையும் சிகிச்சையும்தான்.

காத்திருப்பதும் கைவிடுவதும்

“ஆறு மாசம் பொறுத்துப் பாப்போம்னு டாக்டரே சொல்றப்ப, ஒரு வருசம் ஆனா என்னா, ரெண்டு வருசம் ஆனா என்னா?” என்று அந்த இளைய பெண் கேட்டார். இதற்கு நியூசிலாந்திலிருந்து ஒரு கதை சொல்கிறேன். கட்டுக்கதை அல்ல, நீதிபதி விசாரித்த கதை.

ஆக்லாந்து நகரின் பெண்கள் ஆஸ்பத்திரியில் 1966-இல் ஒரு டாக்டர், கருப்பை வாயில் முற்றிய மாற்றம் உள்ள பெண்களுக்கு முழுச் சிகிச்சை கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். அது புற்றுநோயாக மாறாது என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பெண்களுக்கு விவரம் சொல்லப்படவில்லை. அடிக்கடி வந்து போனார்கள். எதற்கு என்று தெரியாது. 1987-இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்கள் ஒரு பத்திரிகையில் இதை வெளியிட்டார்கள். நாடே கொதித்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988-இல் அறிக்கை கொடுத்தார். பிறகு 2008-இல் வந்த ஆய்வு கணக்குச் சொன்னது: சரியான சிகிச்சை பெறாமல் விடப்பட்டவர்களில் 30 வருடத்தில் நூற்றுக்கு 31 பேருக்குப் புற்றுநோய் வந்தது. ஆரம்பத்திலேயே சரியான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வரவில்லை.

இந்தக் கதையில் இரண்டு பாடம். முதலாவது, முற்றிய மாற்றமே ஆனாலும் எல்லாருக்கும் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் யாருக்கு மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, லேசான மாற்றத்தைத் தேதி குறித்துக் காத்திருந்து பார்ப்பது வைத்தியம். தேதி இல்லாமல் காத்திருப்பது கைவிடுவது. டாக்டர் கைவிட்டாலும் தப்பு, நாமே நம்மைக் கைவிட்டாலும் தப்பு.

கடிதத்தில் என்ன சொல் இருக்கிறது?

கடிதத்தை ஒளித்து வைக்காதீர்கள். கிளினிக்குக்கு எடுத்துப் போய், “இதில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது?” என்று கேளுங்கள். பொதுவாக வரக்கூடியவை இவை:

“நெகட்டிவ்” என்றால் நல்லது. சந்தேகமான மாற்றம் இல்லை. “பாசிட்டிவ்” என்றால் நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். கிருமிச் சோதனையில் பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது என்று பொருள்.

“திடாக் மெமுவாஸ்கான்”, அதாவது திருப்தியில்லை என்றால், எடுத்த மாதிரி போதவில்லை, அல்லது ரத்தமோ சளியோ மறைத்துவிட்டது. நோய் என்று பொருளல்ல. திரும்ப எடுக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் போகாதீர்கள். சோதனைக்கு முந்திய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம்.

“அழற்சி” அல்லது புண் என்றால், காரணத்தைப் பார்த்து மருந்து கொடுப்பார்கள். எப்போது திரும்ப வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“அறுதியிட முடியாத மாற்றம்” என்றால் மேலே சொன்ன குழப்பமான முடிவு. கிருமிச் சோதனை, அல்லது குறித்த தேதியில் ஊலாங்.

“லேசான மாற்றம்” என்றால் பெரும்பாலும் கிருமி தங்கியிருப்பதன் அடையாளம். பலருக்குத் தானாகச் சரியாகும். ஆனாலும் டாக்டர் சொன்ன தவணை தவறக் கூடாது.

“முற்றிய மாற்றம்” என்றோ, “அறுதியிட முடியவில்லை, ஆனால் முற்றியதாக இருக்கலாம்” என்றோ, சுரப்பி உயிரணுக்களில் மாற்றம் என்றோ எழுதியிருந்தால், ஆறு மாதம் காத்திருக்கும் பேச்சே இல்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. கிருமிச் சோதனையில் 16 அல்லது 18 என்று வந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நடுவில் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இவை இருந்தால் போன வருடத்துக் கடிதத்தில் “நோர்மல்” என்று இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு அல்ல.

பெரிய ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

“தைப்பிங்குக்கு அனுப்புறாங்கன்னா கர்ப்பப்பையை எடுக்கத்தான்” என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. பயமே இப்படித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

அங்கே செய்வது கோல்போஸ்கோப்பி என்ற பரிசோதனை. வெளிச்சமும் பெரிதாக்கும் கண்ணாடியும் உள்ள கருவியால், உடம்புக்கு வெளியே இருந்தே கருப்பை வாயைப் பார்ப்பார்கள். அம்பிளிக்கையில் தடவிய அதே காடி நீரைத் தடவுவார்கள். சந்தேகமான இடம் தெரிந்தால் அரிசி அளவு தோலைக் கிள்ளி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

முற்றிய மாற்றம் என்று உறுதியானால், அந்தத் தோலை மட்டும் மின்சாரக் கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள், அல்லது சூட்டாலோ குளிராலோ அழிப்பார்கள். பெரும்பாலோருக்குக் கருப்பை அப்படியே இருக்கும். ஆனால் சில வாரங்களுக்கு உறவும் பாரம் தூக்குவதும் கூடாது. குலை ஏற்றுபவர்களும் உர மூட்டை சுமப்பவர்களும் இலேசான வேலைக்கு டாக்டரிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வெட்கப்படாதீர்கள். அது உங்கள் உரிமை.

சங்கத்தின் கடமை

இனி நம் வீட்டைப் பார்ப்போம். முதலில் வந்த அக்காவின் கடிதம் அவர் கைக்கு எப்படி வந்தது என்று விசாரித்தேன். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஆபீசில் ஓர் அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன. யாராவது போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அவருடைய கடிதம் ஐந்து வாரம் அங்கேயே தூங்கியிருக்கிறது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். இது பல இடத்தில் உள்ள கதை. கமிட்டி போய்ப் பேசிய பிறகு, கடிதம் வந்த அன்றே பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். கவரைப் பிரிக்காமல் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, லீவு. “ஒண்ணும் இல்லாததுக்கு ஆஸ்பத்திரியா?” என்று மண்டோர் கேட்டதாக ஒரு பெண் சொன்னார். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டர் சான்று வேண்டும். சோதனைக்குப் போகும் நாளில் கிளினிக்கில் கையெழுத்தான சீட்டை மறக்காமல் வாங்குங்கள். மறுத்தால் கமிட்டியிடம் வாருங்கள்.

மூன்றாவது, துணை. பாகான் செராயிலிருந்து தைப்பிங்குக்கு ரயில் இருக்கிறது. ஆனால் தோட்டத்திலிருந்து பாகான் செராய்க்கு வருவதுதான் பாடு. ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட ஓர் ஆள் இல்லாமல் தவணை தவறியவர்களை எனக்குத் தெரியும். கணவன்மார்களே, பங்கு உண்டு என்று சொன்னேனே, இங்கேதான்!

கடைசியாக

நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டில், 2007 முதல் 2011 வரையிலான கணக்கில், மூன்று இனத்திலும் இந்தியப் பெண்களிடையேதான் இந்த நோயின் விகிதம் அதிகம். நமக்கு இது அவமானமல்ல, எச்சரிக்கை. வழிகளும் இருக்கின்றன. அரசாங்கக் கிளினிக்கில் பேப் ஸ்மியர் இருக்கிறது. 2010 முதல் பள்ளியில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் நடக்கிறது. பாரத்தில் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். மலாயாப் பல்கலைக்கழகம் 2018-இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண்ணே தனக்குத் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். முடிவு கைப்பேசிக்கு வரும். சுகாதார அமைச்சும் 2019-இலிருந்து கிருமிச் சோதனையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் கிளினிக்கில் உண்டா என்று கேளுங்கள்.

கடிதம் வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். “இது எந்த வகை மாற்றம்?” “அடுத்து என்ன சோதனை?” “எந்தத் தேதி?” மூன்றாவது கேள்விக்குப் பதில் வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். தேதியை நாள்காட்டியில், மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில், வீட்டில் எல்லாரும் பார்க்க எழுதி வையுங்கள்.

அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு பேரையும் ஒரே நாளில் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அரிசி டின்னுக்கு அடியில் கடிதத்தை வைத்திருந்த அக்காவுக்குக் கிருமி இல்லை. அவருடைய வயதில் தோல் வறண்டு வரும் மாற்றம் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் அழுதது வீண். சிரித்துக்கொண்டு வந்த இளையவருக்குக் கிருமி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஓரிடத்தில் முற்றிய மாற்றம். புற்றுநோய் இல்லை. கம்பி வளையத்தால் எடுத்துவிட்டார்கள். இலேசான வேலைக்குப் போய், இப்போது பழையபடி வேலை செய்கிறார். இனியும் அவர் தவணை தவறாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“அக்கா, இன்னும் ரெண்டு மூணு வருசம் விட்டிருந்தா?” என்று ரயிலில் திரும்பி வரும்போது என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டிய நிலைமையே வராமல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் எங்காவது மடித்து வைத்த ஒரு கடிதம் இருக்கிறதா? இன்று இரவே எடுத்துப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தாலும் பரவாயில்லை. நாளைக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், கமிட்டிப் பெண்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் வருகிறோம்!